1967 கமாரோவில் எல்எஸ்3 எஞ்சின்: பாடி தாங்குமா, எதை முதலில் பலப்படுத்துவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் 1967 செவ்ரலே கமாரோ கூபே இருக்கிறது. 275 குதிரைத்திறன் கொண்ட பழைய 327 (கன அங்குல) எஞ்சினை இறக்கிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸின் புதுக்கால அலுமினிய வி8 எஞ்சினான 430 குதிரைத்திறன் எல்எஸ்3 ஏற்றப்போகிறீர்கள். ஒரு நண்பர் சப்ஃபிரேம் கனெக்டர், அதாவது வண்டிக்கு அடியில் முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் இணைக்கும் குழாய், போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் ரோல் கேஜ், அதாவது வண்டிக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு, கட்டாமல் ஓட்டினால் பாடி முறுக்கிக்கொள்ளும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அந்த எஞ்சினின் விசை பாடிக்குள் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, இடையில் எந்த இடம் முதலில் வளையும்? அதற்கு விடை கிடைத்தால் கனெக்டரா கேஜா என்பது தானாகத் தெளிந்துவிடும்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பழகியவன். பிறகு படித்து, மிச்சிகனில் கார் பாடிகளின் உறுதியைக் கணக்கிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். வார இறுதிகளில் 60களின் அமெரிக்கக் கார்களைப் பிரித்துக் கட்டுவது வழக்கம். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் உங்கள் வண்டியின் துருவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம்தான். கட்டமைப்பைப் பற்றிச் சொல்வது அப்படியல்ல, அது எல்லா முதல் தலைமுறை கமாரோவுக்கும் பொருந்தும்.

கரூர் பக்கம் நெடுஞ்சாலையில் பாடியே இல்லாத பஸ் சேசிஸ் ஒன்றைத் தலையில் துண்டு கட்டிய டிரைவர் ஓட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், சக்கரம் எல்லாம் இரண்டு நீள இரும்புச் சட்டங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். பாடி பிறகுதான் வரும். 60களின் அமெரிக்கக் கார்களில் போன்டியாக் ஜிடிஓ, செவெல் போன்றவை ஏறத்தாழ இந்த வகை, தனிச் சட்டத்தின் மேல் தனி பாடி. ஃபோர்டு மஸ்டாங்கும் கிரைஸ்லரின் சார்ஜர், ரோடு ரன்னரும் இதற்கு நேர் எதிர். அவற்றில் தனிச் சட்டமே கிடையாது, தகடுகளை மடித்துப் பற்றவைத்த பாடியே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. 1967 முதல் 1969 வரை வந்த கமாரோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முன்பக்கம் மட்டும் ஒரு குட்டிச் சேசிஸ், அதுதான் சப்ஃபிரேம். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் அதன் மேல். அது முன் இருக்கைக்குக் கீழே வந்து முடிந்துவிடும். பின்னால் உள்ள சட்டங்களோ பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனைக்குப் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. நடுவில் இருப்பது தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டி, கியர்பாக்ஸ் மேட்டு வளைவு, தலைக்கு மேல் கூரை. இவ்வளவுதான். அந்த சப்ஃபிரேம் பாடியோடு சேர்வதும் நான்கு போல்ட்டில், இடையில் வைத்த ரப்பர் மெத்தை வளையங்கள் (புஷ்) வழியாக. ரேடியேட்டர் தாங்கியில் இன்னும் இரண்டு போல்ட் உண்டு, அவை முன் தகடுகளைத் தாங்குவதற்காக.

இப்போது விசைக்கு வருவோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை ஒரு பக்கம் முறுக்கும்போது, அதே அளவு முறுக்கை எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்கள் எதிர்ப்பக்கமாகச் சேசிஸுக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் பழைய வண்டியில் கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் டிரைவர் பக்க (அமெரிக்க வண்டியில் இடது) முன்மூலை எழும்பும். அதே நேரம் ஷாஃப்ட் பின் ஆக்சிலை மறுபக்கம் உருட்டுகிறது, வலது பின்சக்கரம் இலகுவாகிப் புகை கிளப்புகிறது. இது எவ்வளவு பெரிய விசை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1965 முதல் 1969 வரை வந்த செவ்ரலே வண்டிகள் ஏறத்தாழ 67 லட்சத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1971 கடைசியில் திரும்ப அழைத்தது. எஞ்சின் மவுண்டின் ரப்பர் கிழிந்து, எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பைத் தானே இழுத்துத் திறந்துவிடும் ஆபத்து இருந்தது. தீர்வாக எஞ்சினை ஒரு இரும்புக் கேபிளால் கட்டிவைத்தார்கள். உங்கள் 1967 கமாரோவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

ஆக, முறுக்கு முன்னால் மவுண்டில் நுழைகிறது. அதில் ஒரு பங்கை முன் ஸ்பிரிங்குகள் தாங்கிக்கொள்கின்றன. மிச்சம் பாடி வழியாகப் பின்னால் போய், பின் ஸ்பிரிங்கில் இறங்கி ஆக்சிலைச் சந்திக்கிறது. பாடி தளர்ந்திருந்தால் அந்த மிச்சம் சரியாகப் போய்ச்சேராது. முன்பாதி ஒரு பக்கம் சாயும், பின்பாதி அப்படியே நிற்கும், வலது பின்சக்கரம் சுமை இழக்கும். பாடியை இறுக்குவதன் முதல் பயன் இதுதான். இரண்டாவது, முன் சஸ்பென்ஷனில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் அப்போதுதான் ஸ்டீயரிங்கில் தெரியும். தளர்ந்த பாடியே ஒரு ஸ்பிரிங் போல நடந்துகொண்டால் விலை கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் என்ன செய்யும்?

அடுத்தது பலருக்கும் வியப்பாக இருக்கும். 327இல் இருந்து எல்எஸ்3க்கு மாறுவதால் மட்டும் உங்கள் பாடி படும் முறுக்கு பெரிதாகக் கூடிவிடாது. காகிதத்தில் 275க்கும் 430க்கும் உள்ள இடைவெளி உண்மையில் இன்னும் பெரிது. 1972க்கு முந்தைய அமெரிக்க எண்கள் ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் மேடையில் அளந்தவை. எல்எஸ்3யின் 430 எல்லாம் பூட்டி அளந்தது. ஆனாலும் முதல் கியரில் சேசிஸுக்கு வரும் முறுக்கைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டிரைவரோடு 1,550 கிலோ வண்டி, பின்னச்சில் நின்ற நிலையில் 700 கிலோ, முன் பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம் 2.74 மீட்டர், பின் கியர் விகிதம் 3.73, டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் குறுகிய டயரின் பிடிப்பு எண் 0.7 என்றால், வண்டி கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்து, டயர் வழுக்குவதற்கு முன் ஷாஃப்டில் ஏறக்கூடிய முறுக்கு ஏறத்தாழ 490 நியூட்டன் மீட்டர். நல்ல அகலமான இன்றைய ரேடியல் டயர் 0.9 என்றால் 660. நேர்க்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் ரேஸுக்கான ஒட்டும் டயர் 1.4 என்றால் 1,150க்கு மேல். எஞ்சின் பக்கம் பாருங்கள்: பழைய 327இன் அறிவித்த முறுக்கு ஏறத்தாழ 480, அதை 2.52 முதல் கியரால் பெருக்கினால் 1,200 தாண்டும். எல்எஸ்3 575, 2.66 முதல் கியரோடு 1,500 தாண்டும். இரண்டுமே சாதாரண டயர் தாங்குவதைவிட மிக அதிகம். டயர் வழுக்கத் தொடங்கியதும் பாடிக்குப் போகும் முறுக்கு அங்கேயே நின்றுவிடும்.

பிடிப்பு எண்கள் என் மதிப்பீடுதான், சாலையைப் பொறுத்து ஏறும் இறங்கும். அவற்றிலிருந்து வரும் முடிவில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் பாடியை முறுக்கப்போவது நீங்கள் மாட்டப்போகும் டயர். அதனால் பதில் எழுதுவதற்கு முன் உங்களிடம் நான் திருப்பிக் கேட்க வேண்டியது: என்ன டயர் போடப்போகிறீர்கள், கிளட்சைப் படாரென்று விடுவீர்களா? படாரென்று விட்டால் சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் வேகமும் சேர்ந்து ஒரு கணம் அடிக்கும், அந்த அடி மேலே சொன்ன எல்லையைத் தாண்டும். சாலையில் ஓட்ட, எப்போதாவது வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் ரசித்து ஓட்ட என்றால் ஒரு வழி. கால் மைல் டிராக்கில் ஒட்டும் டயரோடு என்றால் வேறு வழி. நீங்கள் எழுதியதிலிருந்து முதல் வகை என்றே புரிந்துகொள்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் துருவைத் தேடுங்கள். இதைச் சொல்லாத யாரிடமும் வண்டியைக் கொடுக்காதீர்கள். கமாரோவில் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பள்ளம் உண்டு. இலை தழை விழுந்து அடைத்து, தண்ணீர் தேங்கி, அங்கிருந்து கால் வைக்கும் தகடுவரை உளுத்துப்போகும். சப்ஃபிரேமின் பின் போல்ட்கள் பிடிக்கும் தரைப்பகுதி, ராக்கரின் உட்பக்கம், பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் சட்டம், லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை உட்காரும் பை, இவை அடுத்தவை. கூரான சுத்தியால் தட்டிக் கேளுங்கள், கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், அடியில் பூசிய கறுப்புப் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். மெல்லியதாக உளுத்த தகட்டில் 3 மில்லிமீட்டர் குழாயைப் பற்றவைப்பது செல்லரித்த உத்தரத்துக்கு இரும்புத் தூண் கொடுப்பது போலத்தான். தூண் நிற்கும், உத்தரம் அதன் பக்கத்திலேயே பெயரும்.

துரு இல்லை என்று தோன்றினால் ஒரு எளிய சோதனை செய்யுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, கதவின் பின்விளிம்பு இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் சப்ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்குங்கள். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், இடைவெளியைத் திரும்ப அளங்கள். இடைவெளி 1 மில்லிமீட்டருக்குள் மாறினால் நல்ல பாடி என்று எடுத்துக்கொள்வேன். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் எங்கோ தகடு போயிருக்கிறது என்று தேடத் தொடங்குவேன். இது என் பட்டறைப் பழக்கத்தில் வந்த அளவுகோல்தான், எந்தக் கையேட்டிலும் உள்ளதல்ல. கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தில் பெயின்ட் மயிரிழையாக விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்ட காலமாக முறுக்குப் பட்ட வண்டி அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பாடி சுத்தம் என்றால் முதல் செலவு புஷ்களுக்கு. 50 ஆண்டு தாண்டிய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், அல்லது நசுங்கி ஒழுகியிருக்கும். சப்ஃபிரேமைப் பாடியோடு பிடிக்கும் அந்த நான்கு இடங்களிலும் அலுமினியத்தில் கடைந்த கெட்டிப் புஷ் கிடைக்கிறது. அதைப் போட்டால் சப்ஃபிரேமும் பாடியும் ஒரே பொருளாக நடந்துகொள்ளும். செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் முழு வேலையிலும் இதற்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை. விலையாக எஞ்சின் அதிர்வும் சாலை இரைச்சலும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும். மனைவி, குழந்தைகளோடு நீண்ட பயணம் போகிற வண்டி என்றால் பாலியூரித்தேன் புஷ் நடுவழி. ஆனால் நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டு கெட்டி, இரண்டு ரப்பர் என்று கலந்தால் கெட்டியான பக்கம் மொத்தச் சுமையும் ஏறி அங்கே தகடு விரியும். ரேடியேட்டர் தாங்கியின் இரண்டு புஷ்களை நான் ரப்பரிலேயே விடுவேன், அங்கே உள்ள தகடு மெல்லியது. புஷ் மாற்றும்போது சப்ஃபிரேமைப் பாடியோடு நேராக்குவது கட்டாயம். அதற்காகவே தொழிற்சாலையில் சப்ஃபிரேமிலும் பாடியிலும் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் துளைகள் விட்டிருக்கிறார்கள். அதே விட்டமுள்ள நேரான கம்பியை இரண்டிலும் நுழைத்து நேர்பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். கோணலாக இறுக்கி அதன் மேல் கனெக்டரையும் பற்றவைத்துவிட்டால், பிறகு எந்த வீல் அலைன்மென்ட்டும் அந்த வண்டியை நேராக்காது.

புஷ்ஷுக்குப் பிறகுதான் கனெக்டர். வரிசையை மாற்றாதீர்கள். ரப்பர் புஷ் இருக்கும்போது கனெக்டரைப் பற்றவைத்தால், ரப்பர் அசையப் பார்க்கும், கனெக்டர் விடாது, அந்தச் சண்டை வெல்டிங் ஓரத்தில் விரிசலாக முடியும். கனெக்டர் என்பது சப்ஃபிரேமின் பின்முனையையும் பின் சட்டத்தின் முன்முனையையும் சேர்க்கும் குழாய், பக்கத்துக்கு ஒன்று. போல்ட் போட்டு மாட்டுவதும் உண்டு, பற்றவைப்பதும் உண்டு. போல்ட் வகை இல்லாததற்கு மேல், அவ்வளவுதான். துளையும் போல்ட்டும் காலப்போக்கில் இளகும். பற்றவைப்பதையே சொல்வேன், அதிலும் தரைத் தகட்டின் வளைவுக்கேற்ப வெட்டி, இரண்டு முனையில் மட்டுமன்றி நீளம் முழுக்கத் தகட்டோடு சேர்க்கிற வகையை. முனையில் மட்டும் பற்றவைத்த குழாய் வளைவை நன்றாகத் தடுக்கும், முறுக்கை அந்த அளவுக்குத் தடுக்காது. தகட்டோடு நீளமாகச் சேர்ந்தால் குழாய், தரை, ராக்கர் மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டியாக வேலை செய்யும்.

இந்தப் பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. வீட்டில் கிடக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டை இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுத்துவிட்டு முறுக்குங்கள், துணி போலத் திரும்பும். பொருள் குறையவில்லை, வளையம் மட்டும் உடைந்தது. எண்ணில் சொன்னால், 50க்கு 75 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மூடிய செவ்வகக் குழாயின் முறுக்கு எதிர்ப்பு, அதன் அகலப் பக்கம் ஒன்றை எடுத்துவிட்ட வாய்திறந்த சட்டத்தைப் போல ஏறத்தாழ 380 மடங்கு. வண்டியில் முனைகள் கட்டுண்டு இருப்பதால் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வெளிப்படாது. ஆனாலும் திசை இதுதான். அதனால்தான் தனிச் சட்டம் கொண்ட செவெல், ஜிடிஓ வைத்திருப்பவர்கள் வாய்திறந்த பக்கச் சட்டத்துக்குத் தகடு வைத்து மூடுகிறார்கள். அவற்றின் கூரையில்லா மாடல்களுக்குத் தொழிற்சாலையிலேயே மூடிய சட்டம் கொடுத்தார்கள். கனெக்டருக்கு 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போவதில் அர்த்தமில்லை. தடிமனைக் கூட்டுவதைவிடக் குழாயின் குறுக்களவைக் கூட்டுவது பல மடங்கு பலன் தரும், எடையும் அவ்வளவாக ஏறாது.

வெல்டிங்கில் ஒரு பாடம் எனக்கு மிகவும் வலித்துக் கிடைத்தது. தொடக்க காலத்தில் ஒருவருடைய கமாரோவை இரண்டு தூண் லிஃப்ட்டில் ஏற்றி, நின்றபடி வசதியாகக் கனெக்டரைப் பற்றவைத்தேன். இரண்டு தூண் லிஃப்ட் வண்டியை நடுவில் தாங்கும், முன்னும் பின்னும் எடை தொங்கும், பாடி மெல்ல நடுவில் எழும்பி வில்லாகும். அந்த வில்லை நான் அப்படியே பூட்டிவிட்டேன். தரையில் இறக்கியதும் இரண்டு கதவுகளின் பின்விளிம்பும் மேலே விரிந்து கீழே உரசின. கனெக்டரை அறுத்தெடுத்துத் திரும்பச் செய்தேன். அந்த வண்டிக்காரர் முகத்தை இன்றும் மறக்கவில்லை. வண்டி தன் சொந்தச் சக்கரங்களிலோ, சக்கரத்துக்கு நேரே ஆக்சிலுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் அடியில் கொடுத்த தாங்கிகளிலோ சமமாக நிற்க வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்க வேண்டும், அல்லது அதே எடை இருக்க வேண்டும். கதவுகள் மூடியிருக்க வேண்டும். வெல்டை ஒரே இழுப்பில் ஓட்டாமல் 2, 3 சென்டிமீட்டர் துண்டுகளாக, இடம் வலம் மாற்றி மாற்றி வைத்து, இடையில் ஆறவிட வேண்டும். தரைத் தகடு 1 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். குழாய் முடியும் இடத்தில் நேரடியாகத் தகட்டில் ஓட்டாமல், கைப்பிடி அகலத்துக்கு ஒரு தகட்டை முதலில் பற்றவைத்து அதன் மேல் குழாயைச் சேருங்கள், சுமை பரவும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எல்எஸ்3யின் கம்ப்யூட்டரையும் கழற்றி வெளியே எடுத்துவையுங்கள். பெட்ரோல் குழாய் அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. அதைக் கழற்றாமல் யாரும் டார்ச்சை எடுக்கவிடாதீர்கள், தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

நண்பர்களும் வீடியோக்களும் சொல்லும் மற்ற வழிகளில் சந்தேகத்துக்குரியவை உண்டு. புள்ளி வெல்டுகளுக்கு இடையில் மூட்டு முழுக்கத் தையல் போல வெல்டு ஓட்டுவது ரேஸ் வண்டிகளில் நிச்சயம் பலன் தருகிறது. சாலை வண்டிக்கு அதற்காகப் பாடியை முழுக்கச் சுரண்டி, பழைய சீலரை எடுத்து, மறுபடி துருத்தடுப்புச் செய்ய வேண்டும். சுரண்டாமல் செய்தால் சீலர் எரிந்து, மூட்டுக்குள் காற்றும் தண்ணீரும் புகுந்து, இன்று கிடைத்த உறுதி பத்து ஆண்டில் துருவாகிவிடும். சட்டங்களுக்குள் ஃபோம் நிரப்புவதை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஈரத்தைப் பிடித்துவைக்கும், பிறகு அங்கே வெல்டிங் செய்ய வேண்டிவந்தால் தீப்பிடிக்கும், நச்சுப்புகை வரும். ‘இத்தனை சதவீதம் உறுதி கூடும்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்களே, அந்த எண்ணை வைத்து எதையும் வாங்காதீர்கள். எந்த வண்டியில், எவ்வளவு துருவோடு, எந்த இரு புள்ளிகளுக்கிடையே அளந்தார்கள் என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருளில்லை. மஸ்டாங்காரர்கள் முன்பக்கத்தில் போடும் கம்பிகளைப் பார்த்து நீங்களும் வாங்கவேண்டியதில்லை. மஸ்டாங்கில் முன் ஸ்பிரிங் எஞ்சின் அறையின் தகட்டுக் கோபுரத்தில் முட்டி நிற்கிறது, அந்தக் கோபுரம் உள்ளே சாயும், வெடிக்கும். அதனால்தான் 1965 ஷெல்பி ஜிடி350யில் கோபுரங்களைக் கண்ணாடிக்குக் கீழுள்ள சுவரோடு கட்டும் ஒரு பிரேஸும், இரு கோபுரங்களுக்கு நடுவே ஒரு கம்பியும் சேர்த்தார்கள். கமாரோவில் அந்தச் சுமை முழுக்கச் சப்ஃபிரேமுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, அங்கே கட்டுவதற்குக் கோபுரமே இல்லை.

இனி ரோல் கேஜ். உறுதி என்று மட்டும் பார்த்தால் இரண்டாவது நண்பர் சொல்வது சரி. தரையையும் கூரையையும் முக்கோணங்களால் சேர்க்கும் கேஜுக்கு ஈடான எதுவும் கிடையாது. ஆனால் சாலையில் ஓட்டும் வண்டியில் அது உயிருக்கு ஆபத்து. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால், மெல்ல மோதினாலும் மண்டை உடையலாம். மேலே சுற்றிய ரப்பர் பஞ்சு ஹெல்மெட் போட்டவருக்காகச் செய்தது. அதனால் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகிற கமாரோவில் முழு கேஜ் கட்டாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். டிராக் ஆசை பிறகு வந்தால் அப்போது யோசிக்கலாம். டிராக் ரேஸ்களை நடத்தும் அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் டிராக்குகளில் கால் மைலை 11.49 வினாடியிலோ அதற்குக் கீழோ முடிக்கும் வண்டிக்கு ரோல் பார் (முழுக் கூண்டாக இல்லாமல் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளைவு) கட்டாயம், கூரையில்லா வண்டிக்கு இன்னும் முன்பே. நீங்கள் சொன்ன எஞ்சினும் சாலை டயரும் சேர்ந்தால் அந்த எல்லைக்கு வெளியேதான் நிற்பீர்கள். எப்போதாவது கட்டினால் ரோல் பாரின் கால்களை மெல்லிய தரையில் நிறுத்தாமல் கனெக்டரின் மேல் இறக்குங்கள். கனெக்டரை முதலில் ஒழுங்காகச் செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைப் படிக்கிறவர்களில் கமாரோ கன்வெர்ட்டிபிள் வைத்திருப்பவர் இருந்தால் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியின் நான்கு மூலைகளிலும் உருளை வடிவில் கனமான பொருட்கள் தொங்கும். அவை தேவையற்ற எடை என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். கூரை இல்லாத பாடி நடுங்குவதை அடக்க, உள்ளே ஸ்பிரிங்கில் மிதக்கும் எடையோடு செவ்ரலே வைத்த அதிர்வடக்கிகள் அவை. கூரை எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. கன்வெர்ட்டிபிளில் கனெக்டர் பற்றி இரண்டாவது யோசனையே வேண்டாம்.

பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். 1967 கமாரோவின் பெரும்பாலான வண்டிகளில் பின்னால் ஒற்றை இலை ஸ்பிரிங்தான். வேகமாகக் கிளம்பும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு சக்கரம் குதிக்கும். அந்தக் குதிப்பின் ஒவ்வொரு அடியும் ஸ்பிரிங்கின் முன்முனைப் பையைச் சம்மட்டியால் அடிப்பது போல. செவ்ரலேவே 1968இல் ஷாக் அப்சார்பர்களை ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக மாற்றி வைத்து, பலமான வண்டிகளுக்குப் பல இலை ஸ்பிரிங் கொடுத்தது. உங்கள் வண்டியில் ஒற்றை இலை இருந்தால், கனெக்டருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அதற்கு எடுத்துவையுங்கள். கனெக்டர் அந்தப் பைக்கு மிக அருகில் முடிவதால், குதிக்கும் ஆக்சில் உங்கள் புது வெல்டையும் சேர்த்தே அடிக்கும். எல்எஸ்3 அலுமினியம் என்பதால் முன்பக்க எடை குறையும். முன் ஸ்பிரிங்கை அந்த எடைக்கேற்ப மாற்றாவிட்டால் மூக்கு தூக்கி நிற்கும். எஞ்சின் மவுண்ட்டில், கிழிந்தாலும் எஞ்சினை விட்டுவிடாதபடி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகையை மட்டும் வாங்குங்கள்.

செய்த வேலை பலித்ததா என்று அறிய மனம் துடிக்கும், அதை அளக்கவும் முடியும். பின் ஆக்சிலின் இரு பக்கமும் தாங்கி கொடுத்து அசையாமல் நிறுத்துங்கள். முன்பக்கம் நடுவில் ஒரே புள்ளியில் தாங்கி, ஒரு பக்கமாக நடுவிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி 100 கிலோ எடை வையுங்கள். அது ஏறத்தாழ 736 நியூட்டன் மீட்டர் முறுக்கு. சப்ஃபிரேமில் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் 4 மில்லிமீட்டர் என்றால் முறுக்கம் 0.23 டிகிரி, உறுதி டிகிரிக்கு 3,200 நியூட்டன் மீட்டர். இங்கே 4 என்பது கணக்கைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண். உங்களுடையதை நீங்கள் அளந்துதான் பார்க்க வேண்டும். பின் ஆக்சிலின் மேல் உள்ள ஸ்பிரிங்கை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து நிறுத்தாவிட்டால், பாடிக்குப் பதில் ஸ்பிரிங்கை அளந்துகொண்டிருப்பீர்கள். வேலைக்கு முன் ஒரு முறை, புஷ் மாற்றியபின் ஒரு முறை, கனெக்டருக்குப் பின் ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள். உங்களைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் அடுத்தவருக்கு அந்த மூன்று எண்கள் நான் எழுதிய இவ்வளவையும்விட உதவும்.

கார்பெட்டை உடனே ஒட்டிவிடாதீர்கள். வெல்டின் மேல் துருத்தடுப்புப் பூசி, 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சப்ஃபிரேம் போல்ட்களின் இறுக்கத்தைத் திரும்பப் பாருங்கள். கனெக்டரின் நான்கு முனைகளிலும் விளக்கடித்து, பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எந்த முனை, எந்தப் பக்கம் என்று குறித்து. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.